முகம் காட்டி ஆடிய பெண்கள்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், கலை இரவுத் தயாரிப்பை ஒட்டி நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது கூலியைப் பற்றி, போனஸைப் பற்றி, பஞ்சப்படியைப் பற்றி. இன்றைக்கு ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னவுடன், "வயிற்றுப்பாட்டைப் பேசுங்கள், ஆட்டம் பாட்டமெல்லாம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆட்டத்துக்காகக் கொலை விழுந்திருக்கிறது, தோழர்களே! மேடையேறி ஆடினாள் என்ற ஒரே குற்றத்துக்காகப் பதினாறு வயதுப் பெண்ணை அவளுடைய கூடப்பிறந்தவனே கத்தியால் குத்திக் கொன்றிருக்கிறான். ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு என்றால் அதற்காக எவனாவது கத்தியை எடுப்பானா? ஒரு பெண் தன் கையையும் காலையும் தன் இஷ்டப்படி அசைத்தால் எந்தக் கோட்டை ஆட்டம் காணுகிறது? அதைத்தான் இன்று விசாரிக்கப் போகிறோம்.

சம்பவம் நடந்தது உஸ்பெகிஸ்தானில். லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரியில் காலமானாரே, அந்தத் தாஷ்கண்ட் நகரம்தான் உஸ்பெகிஸ்தானின் தலைநகரம். அதற்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவில் ஃபெர்கானா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பருத்தி விளையும் பூமி. பட்டுப்புழு வளர்க்கும் பூமி. பருத்தி என்றவுடன் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தபோது அந்நாட்டுப் பஞ்சு வெளியே வருவது தடைப்பட்டது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் இந்தியப் பஞ்சுக்காகப் பறந்தார்கள். ருஷ்ய ஆலை முதலாளிகள் மத்திய ஆசியப் பஞ்சின்மேல் கண் வைத்தார்கள். 1865-ல் ஜார் மன்னனின் படை தாஷ்கண்டைப் பிடித்தது. படையெடுப்புக்குக் காரணங்கள் பல. பஞ்சும் அவற்றில் ஒன்று. நம் கரிசல் காட்டுக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் அன்றைக்கே ஒரே நூலில் முடிச்சு விழுந்துவிட்டது.

அந்தப் பூமியில் நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் இருந்த பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள்? வீட்டில் உட்கட்டு என்று தனியாக ஒரு பகுதி உண்டு. 'இச்கரி' என்று பெயர். பெண்ணுக்கு உலகம் அதுதான். தெருவுக்கு வர வேண்டுமென்றால் குதிரை மயிரால் நெய்த கறுப்பு வலை முகத்தில் தொங்க வேண்டும். அதற்கு மேல் தலை முதல் கால் வரை ஒரு கனத்த அங்கி. வலைக்குச் 'சச்வான்' என்று பெயர். அங்கிக்குப் 'பரஞ்சி' என்று பெயர். எதிரே வருகிறவள் கிழவியா குமரியா என்றுகூடத் தெரியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இஸ்லாம் மார்க்கத்தை இழிவுபடுத்த யாரும் இதைக் கையில் எடுக்கக் கூடாது. பக்கத்திலேயே ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த கசாக் பெண்களும் கிர்கிஸ் பெண்களும் முஸ்லிம்கள்தான். அவர்கள் பரஞ்சி போட்டதில்லை. குதிரை ஏறிப் போனார்கள். ஆகவே இது நிலமும் சொத்தும் வைத்திருந்தவன் தன் வீட்டுப் பெண்ணையும் அந்தச் சொத்துக் கணக்கில் எழுதி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு எல்லா மதத்திலும் பூசாரிகள் கிடைப்பார்கள்.

அப்படியானால் அந்தப் பெண்களுக்கு ஆடத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! உட்கட்டுக்குள், கல்யாண வீட்டில், பெண்கள் மட்டும் கூடிய இடத்தில் ஆடினார்கள். நம் ஊரில் பெண்கள் வட்டம் கூடிக் கும்மி அடிப்பதில்லையா, அதுபோல. 'தோய்ரா' என்று ஒரு தோல் வாத்தியம். நம் கஞ்சிராவைப் பெரிதாக்கி உள்விளிம்பில் வளையங்களைக் கோத்ததுபோல் இருக்கும். அதைத் தட்டி ஆடுவார்கள். ஆண்கள் இருக்கும் சபையில் மட்டும் பெண் ஆடக் கூடாது. அங்கே யார் ஆடினார்கள்? சிறு பையன்களுக்குப் பெண் வேஷம் கட்டிப் பணக்காரர்கள் ஆடவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்த கதியை இந்தக் கூட்டத்தில் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணை மூடி வைத்த சமூகம் பையனைச் சீரழித்தது என்பது மட்டும் போதும்.

இந்த இடத்தில்தான் தமாரா ஹானும் வருகிறார். 'ஹானும்' என்றால் நம்மிடம் 'அம்மாள்' என்பதுபோல மரியாதைச் சொல். 1906-ல் ஃபெர்கானா பள்ளத்தாக்கில், மர்கிலான் ஊருக்கு அருகே ஒரு ரயில் நிலையக் குடியிருப்பில் பிறந்தவர். தகப்பனார் அர்மேனியர், தொழிலாளி. சுற்றி இருந்தவர்கள் உஸ்பெக் மக்கள். அவர்கள் பாஷைதான் குழந்தையின் விளையாட்டுப் பாஷை. அவர்கள் வீட்டு உட்கட்டுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அக்டோபர் புரட்சிக்குப் பின் ஹம்ஸா ஹக்கீம்ஜாதா நியாஸி என்ற கவிஞர் நாடகக் குழு கட்டினார். அந்தக் காலத்து வாலிபர்களோடு சிறுமி தமாராவும் மேடைக்கு வந்தார். 1920-களின் தொடக்கத்தில், ஆண்களும் கூடிய சபையில், முகத்தில் வலையில்லாமல் ஆடினார். மத்திய ஆசியாவில் அப்படி ஆடிய முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

1924-ல் மாஸ்கோவுக்குப் படிக்கப் போனார். 1925-ல் பாரிஸ் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. முகித்தீன் காரி யாக்குபோவ் என்ற பாடகரோடு தமாரா அங்கே போய் ஆடினார். அப்போது அவருக்கு வயது 19. உட்கட்டுக்குள் யாரும் பார்க்காமல் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெண்கள் ஆடி வந்த ஆட்டத்தை பாரிஸ் நகரம் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது, தோழர்களே! பாரிஸில் ஆடுவது சுலபம். மர்கிலானில் ஆடுவதுதான் கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்று பாருங்கள். 1927 மார்ச் 8, சர்வதேசப் பெண்கள் தினத்தன்று, உஸ்பெகிஸ்தானில் 'ஹுஜூம்' என்ற இயக்கம் தொடங்கியது. தாக்குதல் என்று அதற்கு அர்த்தம். தாஷ்கண்டிலும் சமர்கண்டிலும் பெண்கள் மைதானத்துக்கு வந்து பரஞ்சியைக் கழற்றி நெருப்பில் போட்டார்கள். மேளம் முழங்கியது, பிரசங்கம் நடந்தது. கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கே போவாள்? அதே தெரு, அதே வீடு, அதே புருஷன், அதே மாமனார். பலர் மறுநாளே மறுபடி முகத்தை மூடிக்கொண்டார்கள். மூடாதவர்களில் எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள். 1927 முதல் 1929 வரை சுமார் 2000 பெண்கள் இப்படி மாண்டார்கள் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லாமல் போனால் நாம் நேர்மையானவர்கள் ஆக மாட்டோம். மேடையில் நின்று "பெண்ணே, முகத்திரையைக் கிழித்தெறி!" என்று முழங்கிய உள்ளூர்க் கட்சிக்காரர்களில் பலர் தங்கள் மனைவியை மட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஊரான் வீட்டுப் பெண் முன்னால் போகட்டும், நம் வீட்டுப் பெண் அப்புறம் பார்க்கலாம் என்ற கணக்கு! மேலேயிருந்து உத்தரவு வந்தது. கீழே காவல் இல்லை. உத்தரவு போட்டவன் மேஜையில் உட்கார்ந்திருந்தான். கத்திக்கு முன்னால் நின்றவள் அந்தப் பெண்.

துர்சுனோய் சயீதஜிமோவா என்று ஒரு பாடகி இருந்தாள். அவள் குரலைக் கேட்டவர்கள் உஸ்பெக் நாட்டுக் குயில் என்றார்கள். பதினேழு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, 1928-ல் புருஷனே அவளைக் கொன்றான். அடுத்த வருஷம், 1929 மார்ச்சில், நாடகம் கட்டிய கவிஞர் ஹம்ஸாவையே ஒரு மலைக் கிராமத்தில் கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

அதே 1929-ல்தான் நூர்ஹான் யுல்தாஷெவா கொலையுண்டாள். நாம் தொடக்கத்தில் சொன்ன பெண் அவள்தான். மர்கிலான் ஊர்க்காரி. வீட்டைவிட்டு வெளியேறிக் காரி யாக்குபோவின் குழுவில் சேர்ந்தாள். பரஞ்சி இல்லாமல் மேடையில் ஆடினாள். குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது அவளுடைய சொந்த ஊருக்கும் வந்தது. சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனாள். கூடப்பிறந்தவன் கத்தியோடு காத்திருந்தான்.

அவள் ஆடிய ஆட்டத்தில் என்ன குற்றம் இருந்தது? ஃபெர்கானா ஆட்டத்தைப் போல நாணமான ஆட்டம் வேறில்லை. கை மெல்ல மேலே எழும், மணிக்கட்டு சுழலும், தலை லேசாகச் சாயும், அவ்வளவுதான். ஆகவே அசைவில் குற்றம் இல்லை. முகம் தெரிந்தது, பெயர் தெரிந்தது, அவள் கைக்குச் சம்பளம் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் பெண் யாருடைய சொத்துமாக இருக்க முடியாது. கொலைகாரனுக்கு அது தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் தமாராவையும் நூர்ஹானையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது சரியில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. தமாரா அர்மேனியக் குடும்பத்துப் பெண். ஊர் ஏசியது; கல் விழுந்திருக்கும்; ஆனால் வீட்டுக்குள் கத்தி இல்லை. கதவை முதலில் திறந்தவர் அவர். அந்தக் கதவு வழியாக வந்த உஸ்பெக் பெண்ணுக்குத்தான் சொந்த வீடே எதிரி. முதலில் வந்தவரைப் பாராட்டுகிற உலகம், விலை கொடுத்தவளை இரண்டாவது வரியில் சொல்கிறது.

பயந்து ஆட்டம் நின்றுவிட்டதா? இல்லை. காரணம் என்ன என்று நாம் கவனித்துப் பார்க்க வேண்டும். வீரம் மட்டும் போதாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். கொலையாளிக்கு மரண தண்டனை வரை கொடுக்கும்படி சட்டம் கடுமையாக்கப்பட்டது. நாடக சாலைகளில் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. 1930-களில் தாஷ்கண்டில் நடனப் பள்ளி எழுந்தது. அதில் தமாராவின் உழைப்பு உண்டு. சம்பளமும் படிப்பும் சட்டமும் பின்னால் நின்ற பிறகுதான் மேடை பெண்ணுக்குப் பத்திரமான இடமாயிற்று.

இப்போது அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்வோம். நம் சகோதரிகள் ரசிப்பார்கள். தமாராவுக்கு ஆசான் உஸ்தா ஒலிம் கமிலோவ் என்ற தோய்ரா வித்வான். உஸ்தா என்றால் தொழில் தெரிந்த ஆசான். நாம் மேஸ்திரி, வாத்தியார் என்கிறோமே அப்படி. இருவரும் சேர்ந்து 'பில்லா' என்று ஓர் ஆட்டம் அமைத்தார்கள். பில்லா என்றால் பட்டுக்கூடு. புழுவுக்குத் தழை போடுவது, கூட்டிலிருந்து இழை எடுப்பது, நூலை முறுக்குவது, துணியில் பூவேலை செய்வது, எல்லாம் விரலிலேயே வரும். இழை அறுந்தால் விரல் எப்படிப் போய் ஒட்டும் என்று நம் ஸ்பின்னிங் பகுதிப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? உழைப்பில் இருந்த அசைவு மேடைக்குப் போயிற்று. ராஜா வீட்டு மாடத்திலிருந்து இறங்கி வந்த கலை இல்லை இது.

கோரெஸ்ம் என்ற பகுதியில் 'லஸ்கி' என்று ஓர் ஆட்டம். அது இன்னும் விசேஷம். முதலில் விரல் நுனி மட்டும் துடிக்கும். அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் தோள், கடைசியில் உடம்பு முழுவதும் பற்றிக்கொள்ளும். 2019-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் சேர்த்தது.

அடுத்து, நாடுகளுக்கு இடையே கலை போய்வருகிற சமாசாரம். 1932-ல் லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற அமெரிக்க நீக்ரோ கவிஞர் (அன்று அப்படித்தான் அழைத்தார்கள், கறுப்பின மக்களின் கவிஞர்) சோவியத் நாட்டுக்கு வந்தார். சினிமாப் படம் எடுக்கப் போவதாக அழைத்துப் போனார்கள், படம் நின்றுபோயிற்று. அவர் ஊர் திரும்பாமல் மத்திய ஆசியாவுக்கு ரயில் ஏறிவிட்டார். தாஷ்கண்டுக்குப் பக்கத்தில் ஆலிவர் கோல்டன் என்பவர் தலைமையில் கறுப்பின விவசாய நிபுணர்கள் பருத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகளாகப் பருத்தி எடுத்தவர்களின் வாரிசுகள் இங்கே பருத்தி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார்கள்! அந்தப் பயணத்தில் ஹியூஸ் தமாராவைச் சந்தித்தார். 1934-ல் அமெரிக்க நாடகப் பத்திரிகை ஒன்றில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சொந்த நாட்டில் பஸ்ஸில் வெள்ளைக்காரன் பக்கத்தில் உட்கார முடியாத மனிதர், முகம் காட்ட முடியாதிருந்த பெண்களின் ஆட்டத்தை எழுதுகிறார். இவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் அதன் அருமை?

தமாராவின் வழி தனி வழி. பிற தேசத்தாருக்குத் தன் ஆட்டத்தைக் காட்டிவிட்டுக் கைதட்டு வாங்கித் திரும்புவதோடு அவர் நிற்கவில்லை. போன இடத்திலெல்லாம் அங்கத்துப் பாட்டைக் கற்றுக்கொண்டார். அவர்கள் பாஷையிலேயே பாடினார். அவர்கள் உடையை உடுத்தி ஆடினார். அப்படிப் பற்பல பாஷைகளில் பாடினார். 1935-ல் லண்டன் நகரத்தில் நடந்த சர்வதேச நாட்டுப்புற நடன விழாவுக்கு உஸ்தா ஒலிமையும் கூட்டிக்கொண்டு போனார். 1941 முதல் 1945 வரை யுத்தம் நடந்தபோது போர்முனைக்கே போய்ப் பல இனத்துச் சிப்பாய்களுக்கு அவரவர் தாய்ப்பாஷையில் பாடினார். சாகப் போகிற வாலிபனுக்கு அம்மா பாடிய பாட்டு அந்நியப் பெண் வாயிலிருந்து வந்தால் எப்படி இருந்திருக்கும்? எடுத்துக்கொண்டு ஓடுவது கொள்ளை. கற்றுக்கொண்டு திருப்பித் தருவதுதான் கொடுக்கல் வாங்கல். நம் கைத்தறிப் பூவையும் கோலத்தையும் பேர் சொல்லாமல் அச்சடித்து விற்கிறவர்களை நமக்குத் தெரியும் அல்லவா!

தமாராவுக்குப் பின்னால் வந்தவர்களில் முகர்ரம் துர்குன்பாயெவா பெரிய கலைஞர். நூர்ஹானின் வயதுக்காரி, அவரும் 1913-ல் பிறந்தவர்தான். அவர் 1957-ல் 'பஹோர்' என்ற பெண்கள் நடனக் குழுவை அமைத்தார். பஹோர் என்றால் வசந்தம். கூடப்பிறந்தவன் கத்தியால் ஒருத்தி விழுந்து 28 வருஷத்துக்குள், அதே பள்ளத்தாக்கின் ஆட்டத்தைக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் தேசம் தேசமாக எடுத்துப் போனார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்ததாகச் சொல்லிக் கைதட்டு வாங்க நமக்கு விருப்பமில்லை. மேடையில் பருத்திப் பூவைப்போல் பெண்கள் சிரித்து ஆடினார்கள். வயலில் பருத்தி எடுத்த பெண்ணின் முதுகு நிமிரவில்லை. மாணவர்களையும் பிள்ளைகளையும்கூடக் கட்டாயமாகப் பருத்திக் காட்டுக்கு அனுப்பும் வழக்கம், சோவியத் யூனியன் 1991-ல் கலைந்த பிறகும் நீடித்தது. 2021 அறுவடையில்தான் அந்த முறை ஒழிந்தது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2022-ல் அறிவித்தது. ஆட்டக்காரி படத்தை நாட்காட்டியில் போட்டுவிட்டால் கூலிக்காரி கஷ்டம் தீர்ந்துவிடாது. மர்கிலானில் நூர்ஹானுக்கு 1967-ல் சிலை வைத்தார்கள். 1991-ல் எடுத்துவிட்டார்கள். தமாரா ஹானும் காலமானதும் அதே 1991-ல்தான். தாஷ்கண்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சிசாலை. அவர் உடுத்திய பல தேசத்து உடைகள் அங்கே இருக்கின்றன.

சரி, நம் சங்கதிக்கு வருவோம். நம் கலை இரவில் ஒயிலாட்டத்துக்கும் பறையாட்டத்துக்கும் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். ஒயிலாட்டம் நேற்றுவரை ஆண்கள் மட்டுமே ஆடியது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பெயர் கொடுத்தவர்களில் சிலர் மறுநாள் வந்து, "அண்ணே, என் பேரை அடிச்சிடுங்க, வீட்டுல வேண்டாங்கறாங்க" என்றார்கள். அந்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னவர்கள் யார்? இதே கூட்டத்தில், முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பவர்கள்! கரகாட்டக்காரி ஊருக்கு வந்தால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். காலையில் அவளையே மட்டமாகப் பேசுகிறோம். நம் வீட்டுப் பெண்ணையும் ஊர் அப்படிப் பேசும் என்று பயப்படுகிறோம். பேசுகிற அந்த ஊர் யார், தோழர்களே? நாம்தானே?

ஆகவே தயாரிப்புக் கமிட்டி முன்னால் நாங்கள் வைப்பது இவ்வளவுதான். ஒத்திகை ராத்திரி எட்டு மணிக்கு மேல் போகக் கூடாது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அதற்குத் தகுந்தபடி முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகைக்கு வருகிற நாளில் கூலி போனால் அந்தப் படியைச் சங்கம் தர வேண்டும். அது புருஷன் கையிலோ தகப்பன் கையிலோ போகாமல், ஆடுகிற பெண்ணின் கையில் போக வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களுக்குச் சங்கக் கட்டிடத்திலேயே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும். வீடு வரை கொண்டுபோய் விடுவதற்குச் சங்கத் தொண்டர்கள் பொறுப்பு. விளம்பர நோட்டீசில் பெண்களின் பெயர்கள் முழுசாக அச்சாக வேண்டும். கமிட்டி உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயராவது முதலில் எழுத வேண்டும். பெயர் எழுதும் நோட்டு மேஜைமேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.